நாலு பெரிய மனுஷங்களும் உன் வயிறும்

வாடா பேராண்டி, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு. மெதுவா, மெதுவா. உட்காரும்போதே மூச்சு வாங்குதே. சாப்பிட்டா வயிறு உப்புது, சாப்பிடலேன்னா தலை சுத்துது, காலையில எழுந்தா ராத்திரி பூரா மூட்டை தூக்கின அசதின்னு உங்கப்பன் போன்ல அழுதான். இதோ, எங்க காலத்திலன்னு கிழவன் ஆரம்பிக்கப் போறான்னு நெளியறே. நெளியாதே. எங்க காலத்திலயும் இந்த நோய் இருந்துச்சு. தோட்டத்தில அதுக்குச் சோம்பேறித்தனம்னு பேரு. கிராணி அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சா தானா குணமாயிடும்.

உனக்குச் சீன மருந்து வேணுமாம். நாலு வேர், ஒரு சட்டி, மூணாம் நாள் குதிரை மாதிரி ஓடலாம்னு எவனோ போன்ல காட்டினானாம். குதிரை ஆகிறது இருக்கட்டும், கொள்ளு வாங்கிப் போடறது யாரு?

சரி, கேட்டுட்டே, சொல்றேன். கோப்பேங் கடைத்தெருவில போய் "செய் குவான் ஜி தோங்"னு கன்டனீஸ்ல கேளு. நாலு பெரிய மனுஷங்க சேர்ந்த கஷாயம். பேதியாக்காது, வியர்க்க வைக்காது, குடிச்சவனைக் கூரை மேல ஏத்தாது. சத்தம் போடாம வந்து வேலையைப் பார்த்துட்டுப் போற சரக்குங்கிறதால அந்தப் பேரு. உன் ஆபீஸ்ல அப்படி நாலு பேர் இருந்தா நீ ஏன் இப்படி ஆகப்போறே?

முதல் ஆளு ஜின்செங். மஞ்சூரியா பக்கம், சாங்பாய் மலைக்காட்டில தோண்டறவன் செடியைக் கண்டதும் கத்துவான், பிறகு தண்டில சிவப்புக் கயித்தைக் கட்டுவான். கட்டலேன்னா செடி எழுந்து ஓடிடும்னு நம்பிக்கை. ஒரு செடி ஓடிடும்னு பயப்படற அளவுக்கு அதில காசு இருந்துச்சு. அமெரிக்காக்காரன் சுதந்திரம் வாங்கின கையோட, 1784ல, "எம்ப்ரஸ் ஆஃப் சைனா"ன்னு ஒரு கப்பலை முதல் முதலாச் சீனாவுக்கு அனுப்பினானே, அதில என்ன ஏத்தினான்? ஏறக்குறைய 30 டன் ஜின்செங். அவன் காட்டில முளைச்ச வேரை அவன் தின்னலை. எவன் களைச்சுப் போயிருக்கான், எவன்கிட்ட காசு இருக்குன்னு பார்த்து வித்தான். விவரமானவன்.

உனக்கு அந்த விலை கட்டாது. விலையைக் கேட்டாலே மிச்சத் தெம்பும் போயிடும். கடையில அதுக்குப் பதிலா "தோங் சம்" போடுவாங்க. வேற குடும்பத்துச் செடி, இனிப்பான வேர், வேகம் கம்மி, விலையும் கம்மி. வீட்டில வைக்கிற கஷாயத்தில பெரும்பாலும் இதுதான்.

ரெண்டாவது "பாக் சத்". சேஜியாங் பக்கத்துக் கிழங்கு. இதைப் பெரும்பாலும் பச்சையா போடமாட்டாங்க. தவிட்டில வறுப்பாங்க, இல்லேன்னா, சிரிக்காதே, அடுப்பு மண்ணில வறுப்பாங்க. விறகு எரிச்சு எரிச்சு வெந்த மண்ணைப் பொடி பண்ணிச் சட்டியில சூடாக்கி, கிழங்கு வில்லையைப் போட்டுப் புரட்டி, மண் நிறம் ஏறினதும் சலிச்சு எடுக்கிறது. செரிக்கிற உறுப்புக்கு அவங்க கணக்கில பஞ்சபூதத்தில மண்தான் உரியது; அதனால மண்ணைக் காட்டி வறுத்தா நேரா அங்கே போய்ச் சேருமாம். சின்னப் பிள்ளையில நீ மண்ணைத் தின்னப்போ உங்க அம்மா முதுகில வச்சா. சீனத்தில பிறந்திருந்தா வைத்தியம்னு விட்டிருப்பாங்களோ என்னவோ.

மூணாவது "ஃபுக் லிங்". பைன் மர வேரைக் கட்டிக்கிட்டு மண்ணுக்குள்ள வளர்ற காளான் கட்டி. வெளியே கறுப்பு, உள்ளே மாவு வெள்ளை, ருசின்னு ஒண்ணும் கிடையாது. உடம்பில தேங்கின நீரை இறக்கறது இது வேலை. பெய்ஜிங்கில இதை மாவோட சேர்த்துக் காகிதம் போல மெல்லிசா வார்த்து, நடுவில தேனும் பருப்பும் வச்சுப் பலகாரமாவே விக்கிறாங்க. நாலாவது "காம் சௌ", தேன்ல புரட்டி வறுத்த அதிமதுரம். நம்ம அதிமதுரத்துக்குச் சொந்தக்காரன்தான். கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி, தனியா ஒரு வேலையும் செய்யாம, மத்த மூணு பேரும் முறைச்சுக்காம பார்த்துக்கும். சீன வைத்தியத்தில பாதி கஷாயத்தில இது நுழையும். பெரியப்பான்னா அப்படித்தானே.

இதை எழுதி வச்சது யாருங்கிறியா? அரசாங்கம். 1076ல, சோங் ராஜாங்கத்தில, வாங் ஆன்ஷி சீர்திருத்தம் பண்ணின காலத்தில, கைஃபெங் தலைநகரத்தில அரசாங்கமே மருந்துக்கடை திறந்துச்சு. பக்குவம் பண்ணின மருந்தைச் சரக்குக் கலப்படம் இல்லாம விக்கறதுக்கு. அந்தக் கடைகளோட செய்முறைப் புத்தகம் பலமுறை திருத்தி 1151ல "தாய்பிங்"னு தொடங்கற பேரில வந்துச்சு. ஏறக்குறைய 800 மருந்து அதில இருக்கு. இந்த நாலு பேரும் அதில உண்டு: நாலும் சம எடை, பொடி பண்ணி, ஒரு கிண்ணம் தண்ணியில போட்டுப் பத்துக்கு ஏழு பங்காச் சுண்டக் காய்ச்சிக் குடி, வேணும்னா வெறும் வெந்நீரில கலக்கி ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கோ. அவ்வளவுதான். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு அரசாங்கம் குடிமக்கள் வயித்துக்குக் கடை வச்சிருக்கு. நம்ம தோட்டத்தில வெள்ளைக்காரத் துரை நமக்கு வச்சுக் கொடுத்தது கள்ளுக்கடை. குறை சொல்லலை. கள்ளும் புளிப்புதான், செரிமானத்துக்கு நல்லதுன்னு குடிச்சவன் சொல்லுவான்.

சீனக் கூலிக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சு? இதே கோப்பேங்கில ஈய லம்பத்தில முழங்கால் தண்ணியில நின்னு, ராத்திரி அபின் இழுத்துத்தான் வலியை மறந்தான். ஃபோஷான்ல இருந்து வந்த யூ கோங்னு ஒருத்தர் 1879ல இங்கே "யான் சாங்"னு மருந்துக்கடை போட்டார். இன்னைக்கு ஷாப்பிங் மால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஜின்செங் விக்கிற அந்தப் பெரிய கம்பெனி இந்தச் சின்ன ஊர்ல பிறந்ததுதான்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். அதாவது கைஃபெங் கதைக்கு.

லீ டோங்யுவான்னு ஒரு வைத்தியர். 1180ல பிறந்தவர், பெரிய பணக்கார வீடு. அவர் அம்மா நோயில கிடந்தப்போ வைத்தியர் பலர் வந்தாங்க. ஒருத்தன் சூடுன்னான், ஒருத்தன் குளிர்ச்சின்னான், எல்லா மருந்தும் உள்ளே போச்சு, என்ன நோயின்னு தெரியாமலே அம்மா போயிட்டாங்க. ஆத்திரத்தில ஆயிரம் பொன் கொண்டுபோய்க் கொடுத்து ஜாங் யுவான்சுங்கிற பெரிய வைத்தியர்கிட்ட படிச்சார். படிச்சும் உடனே வைத்தியம் பார்க்க உட்காரலை. காசு கட்டி வரி வசூலிக்கிற உத்தியோகம் வாங்கிக்கிட்டார். அதையும் மதிக்கிறேன். வயித்து நோயும் வரியும் நெருங்கின சொந்தம்.

1232ல கைஃபெங்கை மங்கோலியப் படை வளைச்சுக்கிச்சு. அப்ப அது ஜின் ராஜாங்கத் தலைநகரம். லீ உள்ளேதான் இருந்தார். முற்றுகை விலகினதும் ஊரே கதவைத் திறந்து மூச்சு விட்டுச்சு. அதுக்கப்புறம்தான் சாவு. ஊருக்குப் பன்னிரண்டு வாசல், ஒவ்வொரு வாசல் வழியாவும் நாளைக்குக் குறைஞ்சது ஆயிரம், கூடினா ரெண்டாயிரம் பிணம் போச்சு, ஏறக்குறைய மூணு மாசம் அப்படிப் போச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். அது என்ன கொள்ளைநோயின்னு படிச்சவங்க இன்னும் வாதாடறாங்க. ஊர் வைத்தியருங்க எல்லாம் காத்து, குளிர் அடிச்ச காய்ச்சல்னு முடிவு கட்டி, ஒருத்தர் வியர்க்க வச்சார், ஒருத்தர் பேதிக்குக் கொடுத்தார். இருந்த கொஞ்சம் பேரும் போனாங்க.

லீ என்ன சொன்னார் தெரியுமா? இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில குளிர் அடிச்சதா? இல்லை. முற்றுகைக்குள்ள காலையில பட்டினி, ராத்திரி கிடைச்சதை வயிறு முட்ட. தூக்கத்துக்கு நேரம் இல்லை, ஓய்வு இல்லை, பயம் வேற. மாசக்கணக்கில இரைப்பை அப்படியே நலிஞ்சு போச்சு. வாசல் திறந்ததும் ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிப் போட்டாங்க, தாங்கலைன்னார். வெளியே இருந்து வந்த நோய் வேற, உள்ளே இருந்து நலிஞ்ச நோய் வேறன்னு 1247ல ஒரு புத்தகம். 1249ல மண்ணீரலையும் இரைப்பையையும் பத்தியே தனியா இன்னொரு புத்தகம். 1251ல கண்ணை மூடிட்டார்.

காலையில பட்டினி, ராத்திரி வயிறு முட்ட. தூக்கத்துக்கு நேரம் இல்லை. பயம் வேற. ஏண்டா, அந்தக் கோலாலம்பூர் கோண்டோவைச் சுத்தி எந்த மங்கோலியன்டா நிக்கிறான்? காலையில வெறும் வயித்தில ஐஸ் கோப்பி. மத்தியானம் மீட்டிங். ராத்திரி பதினோரு மணிக்கு மாமாக் கடையில ரெண்டு ரொட்டி சானாய், ஒரு மீ கோரெங், அதுக்கு மேல ஐஸ் மைலோ. அப்புறம் படுத்துக்கிட்டு ரெண்டு மணி வரைக்கும் போனைத் தேய்க்கிறது. கைஃபெங்காரனுக்காவது வேற வழி இல்லை.

சீன வைத்தியருங்க சொல்ற மண்ணீரலுக்கும் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துக் காட்டற மண்ணீரலுக்கும் முடிச்சுப் போடாதே. சாப்பாட்டைச் சத்தாக்கி உடம்புக்கு ஏத்தற மொத்த வேலைக்கும் அவங்க வச்ச பேரு அது. பழைய நூல்ல அதுக்குக் களஞ்சிய அதிகாரின்னு பதவியே உண்டு. அந்த அதிகாரிக்கு ஈரம் ஆகாது, குளிர்ந்தது ஆகாது, எந்நேரமும் யோசிச்சுக் கவலைப்படறது சுத்தமா ஆகாது. நீ பேராக்கில இருந்தாலும் பினாங்கில இருந்தாலும் காத்திலயே ஈரம். அதுக்கு மேல ஐஸ். அதுக்கும் மேல வீட்டுக்கடன். நாக்கை நீட்டு பார்ப்போம். ம். வெளுத்துப் போய், ஓரமெல்லாம் பல் பதிஞ்ச தடம். எனக்கே தெரியுது. கோப்பேங் மருந்துக்கடைத் தவுக்கே பார்த்தார்னா உன்னை விடமாட்டார்.

லீ தன் பங்குக்கு ஒரு கஷாயம் கட்டினார். எட்டுச் சரக்கு. நாலு பெரிய மனுஷங்கள்ல மூணு பேரை வச்சுக்கிட்டு, நீரைக் கீழே இறக்கற ஃபுக் லிங்கை வெளியே அனுப்பிட்டார். அவருக்கு மேலே தூக்கணும். தலைமைக்கு "பாக் கேய்"ங்கிற மஞ்சள் வேர், ரத்தத்துக்கு "தோங் குவாய்", நாள்பட்ட ஆரஞ்சுத் தோலு, தூக்கிவிட இன்னும் ரெண்டு வேர், அதுவும் சிட்டிகைதான். சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கறவன், நின்னா கால் தொய்யறவன், குடல் இறங்கினாப்ல வயிறு கனக்கிறவன், இவங்களுக்கு அதைக் கொடுப்பாங்க. உனக்கு முதல்ல நாலே போதும். நாலு பேரைச் சமாளிக்கத் தெரியாதவனுக்கு எட்டு பேர் எதுக்கு?

உப்பிசம் ரொம்ப இருந்தா ஆரஞ்சுத் தோலைச் சேர்ப்பாங்க. அது பழசாகப் பழசாக விலை ஏறும். உன் தாத்தாவைத் தவிர எல்லாப் பழசுக்கும் சீனன்கிட்ட மதிப்பு உண்டு. குமட்டலுக்கு இன்னொரு கிழங்கு. அப்ப அது ஆறு பெரிய மனுஷங்க ஆயிடும். அதுக்கு மேல ஏலக்காய் சாதியில ஒண்ணும், நம்ம கோஷ்டமும் சேர்த்து இன்னொரு வகை. ஆமாம், கோஷ்டம்தான், நம்ம ஊர் நாட்டு மருந்துக்கடையில விக்கிறதே அதேதான். காஷ்மீர் மலையில விளைஞ்சது கப்பல்ல கான்டன் துறைமுகத்துக்குப் போச்சு, அங்கே இறங்கினதாலே அந்த ஊர்ப் பேரையே அதுக்கு வச்சுட்டாங்க. ஆக, சீனன் வயித்தைச் சரிபண்ண நம்ம பக்கத்து வேரும் போயிருக்கு. உங்க பாட்டிகிட்ட சொல்லிடாதே, "சுக்கும் இஞ்சியும் போதாதா"ன்னு ஆரம்பிச்சுடுவா. இஞ்சியும் அதில உண்டு, சிவப்பு இலந்தையோட.

பலிக்குமான்னு கேட்கறே. ஜப்பான்ல அந்த ஆறு பேர் கஷாயத்தைக் குருணையாக்கிப் பொட்டலத்தில போட்டு, இங்கிலீஷ் மருத்துவம் படிச்ச டாக்டரே சீட்டு எழுதறார், இன்சூரன்ஸும் கட்டுது. வயித்தில புண் இல்லாம வர்ற மந்தத்துக்கு அதையும் சும்மாப் பொடியையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நிஜ மருந்து கொஞ்சம் மேல வந்துச்சு. கொஞ்சம்தான். குதிரைன்னு எவனும் எழுதலை. நான் என்ன நினைக்கிறேன்னா, நேரத்துக்குக் கஞ்சி குடிச்சு இந்தக் கஷாயமும் குடிக்கிறவனுக்கு நல்லாவே கேட்கும். மாமாக் கடையில ரொட்டி சானாய்க்கு நடுவில குடிக்கிறவனுக்கு, அந்த நாலு பெரிய மனுஷங்களும் வாசல்லயே செருப்பைக் கழட்டாம திரும்பிடுவாங்க.

ஆனா கடைக்குப் போகறதுக்கு முந்தி கிளினிக்குக்குப் போ. சர்க்கரை பாரு, ரத்தத்தில இரும்பு பாரு, தைராய்டு பாரு. நம்ம குடும்பத்தில சர்க்கரை இல்லாதவன் எவன்டா? மலம் கறுத்துப் போகுது, எடை தானா இறங்குது, முழுங்க முடியலைன்னா அங்கே தவுக்கேயும் வேண்டாம் தாத்தாவும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. அதிமதுரம் இனிக்குதேன்னு மாசக்கணக்கில குடிச்சா ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். உங்கப்பனுக்கு ஊத்திக் கொடுத்துடாதே, அவனுக்கு ஏற்கெனவே ஏறிக் கிடக்கு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க ஜின்செங் பக்கமே போகக் கூடாது. காய்ச்சல், சளி இருக்கிற நாள்லயும் இதைத் தொடாதேன்னு சீன வைத்தியரே சொல்லுவார். ஜின்செங் குடிக்கிற அன்னைக்கு முள்ளங்கி ஆகாதுன்னு சீனப் பாட்டிங்களும் சொல்லுவாங்க. அதை உங்க அம்மா சாம்பாரைத் தட்டிக் கழிக்கச் சாக்கா வச்சுக்காதே.

பெட்டியில அடைச்ச மருந்துன்னா "எம்ஏஎல்"னு தொடங்கி "டி"ல முடியற பதிவு எண் இருக்கான்னு பாரு. வைத்தியர்னா பதிவு இருக்கான்னு கேளு, 2016லயே அதுக்குச் சட்டம் வந்தாச்சு. உதிரிச் சரக்கு வாங்கினா, ஃபுக் லிங் தவிர, வெள்ளை வெளேர்னு இருக்கறதை எடுக்காதே. கந்தகப் புகை போட்டு வெளுத்திருப்பான். மூக்குக்கிட்ட கொண்டுபோனா புளிச்சு முள்ளு மாதிரி குத்தும். கொஞ்சம் மஞ்சளா, அழுக்கா, மூஞ்சி சுளிக்கிற மாதிரி இருந்தா அதுதான் நிஜம். பொண்ணு பார்க்கப் போறப்போ இந்தப் புத்தியை அங்கே காட்டிடாதே.

கடைக்குப் போனா அவசரப்படாதே. சுவர் பூரா சின்னச் சின்ன இழுப்பறை, மேல சீன எழுத்து. தவுக்கே பார்க்காமலே கையை விட்டு எடுப்பார். குச்சித் தராசில நிறுப்பார்: தோங் சம் 9 கிராம், பாக் சத் 9, ஃபுக் லிங் 9, காம் சௌ 6. காகிதத்தில கொட்டி, முனையை மடக்கி, ஒரு கயித்தில கட்டித் தருவார். அவர் மலாய்ல உன்கிட்ட "காலையில சாப்பிட்டியா?"ன்னு கேட்பார். பொய் சொல்லாதே. நாடியைப் பிடிச்சிருப்பார்.

வீட்டில மண்சட்டி இருக்கா? இரும்புச் சட்டி ஆகாது. அரை மணி நேரம் பச்சைத் தண்ணியில ஊறவை. முதல்ல நல்லா எரியவிட்டு, கொதி வந்ததும் தீயைச் சிறுசாக்கி முக்கால் மணி நேரம். வடிச்சுக்கோ. அதே சக்கையில மறுபடி தண்ணி ஊத்தி இன்னொரு தரம். ரெண்டையும் கலந்து பாதி காலையில, பாதி சாயங்காலம், வெதுவெதுப்பா. ஐஸ் போட்டுக் குடிக்கலாமான்னு கேட்டியோ, இந்தத் தடியாலயே போடுவேன். அடுப்பு எரியும்போது போனைத் தேய்ச்சுக்கிட்டு நிக்காதே. அடி பிடிச்சுக் கருகின கஷாயத்தைக் குடிக்கக் கூடாது, கொட்டிட்டு மறுபடி கடைக்குத்தான் போகணும். தவுக்கே திட்டமாட்டார். இன்னொரு பொட்டலம் கட்டிக்கிட்டே சிரிப்பார்.